ஐம்பது பிள்ளைகளுக்கு ஓர் இல்லம்: கட்டலாமா, வேண்டாமா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக இயங்கிவரும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் அறங்காவலர்களுள் நானும் ஒருவன். ஏழை மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம், ஆண்டுக்கொரு கண் சிகிச்சை முகாம் என்ற அளவில்தான் எங்கள் பணி இதுவரை இருந்தது. அண்மையில் மறைந்த அன்பர் ஒருவர் ஊர் எல்லையில் உள்ள தமது நிலத்தையும் வங்கியில் இருந்த தொகையையும் எங்களுக்கு எழுதிவைத்திருக்கிறார். ஆதரவற்ற குழந்தைகளின் நலனுக்காக அவற்றைப் பயன்படுத்தவேண்டும் என்பது உயிலில் உள்ள ஒரே நிபந்தனை.

அறங்காவலர்களில் பெரும்பாலோர் ஐம்பது பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லம் ஒன்றைக் கட்டிவிடலாம் என்கிறார்கள். எங்களில் இளையவர் ஒருவர் மட்டும், உலகின் பல நாடுகள் இத்தகைய இல்லங்களைக் குறைத்துவரும் காலத்தில் நாம் புதிதாக ஒன்றைத் திறப்பது பிள்ளைகளுக்கு நன்மையா என்று கேட்கிறார். கட்டட மதிப்பீடு பற்றியும் நன்கொடை திரட்டுவது பற்றியும் எங்களுக்கு ஓரளவு தெரியும். குழந்தைகள் நலப்பணியில் தங்கிப் பராமரிக்கும் இல்லம் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதே எங்களுக்குப் பிடிபடவில்லை. இத்துறையில் பழகியவர்கள் சொல்லவேண்டுகிறேன்.

நலக்குழு_முன்னாள்

ஆதரவு தேவைப்படும் பிள்ளையை எங்கே வைப்பது என்று ஆணையிடும் குழந்தைகள் நலக் குழுவில், தென்மாவட்டம் ஒன்றில் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இக்குழுவில் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் இருப்பார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவரவேண்டும். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கவேண்டிய கடைசி நடவடிக்கை என்று சட்டத்தின் 3ஆம் பிரிவே அடிப்படைக் கொள்கையாக வகுத்திருக்கிறது. இவ்வளவும் காகிதத்தில் தெளிவாக இருக்கிறது.

மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் எங்கள் அமர்வுக்கு வந்து பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சி தெரியும். வராந்தாவில் தாய்மார்கள் காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மஞ்சள் பை; அதற்குள் குடும்ப அட்டை நகல், ஆதார் நகல், கணவரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ். எண்ணெய் வைத்துத் தலைவாரிய பையன் ஒருவன் பக்கத்தில் நிற்பான். அந்தத் தாய் பிள்ளையைக் கைவிட வந்தவள் அல்லள். செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ, வெளியூர்ப் பருத்தி ஆலைக்கோ போகவேண்டியவள். இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. இல்லத்தில் சேர்த்தால் மூன்று வேளை உணவும் படிப்பும் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறாள். சேர்க்க மறுத்தால் பையன் அவளோடு சூளைக்குப் போவான் என்பது எங்களுக்குத் தெரியும். சேர்த்துக்கொண்டால், வறுமை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குடும்பத்தைப் பிரித்த ஆணையில் நாங்கள் கையெழுத்திடுகிறோம் என்பதும் தெரியும்.

பிள்ளையின் குடும்பநிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களில் வரவேண்டும் என்பது விதி. வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை, தாய் கூலிவேலைக்குச் செல்வதால் குழந்தையைப் பராமரிக்க இயலாத நிலையில் உள்ளார் என்ற ஒரே வாக்கியத்தைப் பெயரை மட்டும் மாற்றித் தாங்கி வரும். சித்தப்பா, பெரியம்மா, தாத்தா என்று அடுத்த வட்டத்தில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதம் எவ்வளவு கிடைத்தால் பிள்ளையை வைத்துக்கொள்வார்கள் என்ற கேள்வி அறிக்கையில் இருக்கவே இருக்காது.

ஆகவே உங்கள் இளைய அறங்காவலர் கேட்பது சரியான கேள்வி. நீங்கள் ஐம்பது இடங்கள் கொண்ட கட்டடத்தைத் திறந்தால் அது ஒரு ஜூன் மாதத்திலேயே நிரம்பிவிடும். நிரம்பிவிட்டது என்பதை வைத்து அது தேவைப்பட்டது என்று நீங்கள் முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆய்வுமேசை

முன்னவர் சொன்னதற்கு எண்ணிக்கையளவிலும் ஆதாரம் உண்டு. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் அறிக்கை 2018இல் வெளியானது. அதில் 9,589 இல்லங்கள் கணக்கில் வந்தன. மாநிலங்களில் தமிழ்நாட்டில்தான் மிகுதி. இல்லங்களில் இருந்தவர்களில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளைவிடத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கும் பிள்ளைகளே அதிகம் என்பதும் அதில் தெரியவந்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதில் இணையத்தில் இரு தரப்பினரும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லங்கள் கூடாது என்போர் ருமேனியாவைக் காட்டுவார்கள். 1989இல் சர்வாதிகாரி சவுசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபின் அந்நாட்டின் காப்பகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தது தெரியவந்தது. 2000ஆம் ஆண்டில் புக்காரெஸ்ட் நகரில் 136 கைக்குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் வழக்கமான காப்பகப் பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறனும் மனிதர்களோடு ஒட்டி உறவாடும் திறனும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் அந்த முன்னேற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகங்களில் வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ருமேனியா 2004இல் இயற்றியது.

இல்லங்கள் வேண்டும் என்போர் 2009இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். இந்தியா, கம்போடியா, எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயது வரையுள்ள பெற்றோரற்ற பிள்ளைகளை அது ஆராய்ந்தது. இந்தியாவில் ஐதராபாத்தும் நாகாலாந்தும் ஆய்வுக் களங்கள். இல்லத்தில் இருந்தவர்கள், உறவினர் வீட்டிலோ ஊரிலோ வளர்ந்தவர்களைவிட உடல்நலத்திலும் மனநலத்திலும் அறிவுத்திறனிலும் பின்தங்கியிருக்கவில்லை என்பது அதன் முடிவு.

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. முன்னது கைக்குழந்தைகளைப் பற்றியது. நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டு, பணமும் வழிகாட்டுதலும் பெற்ற வளர்ப்புக் குடும்பங்களோடு காப்பகத்தை ஒப்பிட்டது. பின்னது பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. எந்த உதவியும் இல்லாமல் தத்தளிக்கும் ஏழைக் குடும்பங்களோடு இல்லத்தை ஒப்பிட்டது. குடும்பம் நல்லது என்பதைவிட, தாங்கிப்பிடிக்கப்பட்ட குடும்பம் நல்லது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் விடை. நமது நாட்டில் தாங்கிப்பிடிப்பதற்கான ஏற்பாடு மெலிவாக இருப்பதால்தான் இல்லம் நல்லதாகத் தோன்றுகிறது.

இல்லப்_பொறுப்பாளர்

இல்லம் நடத்துபவர்கள் அனைவரும் பிள்ளைகளைப் பிடித்துவைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறார்கள் என்ற தொனி இவ்வகை விவாதங்களில் விரைவில் வந்துவிடும் என்பதால் முன்னதாகவே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளை 100 நாட்களில் குடும்பங்களோடு சேர்க்கவேண்டும் என்று தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்கு எழுதியது. பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 2.27 லட்சம் பிள்ளைகளில் 1.45 லட்சம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டதாக அந்த ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர்களின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நல்லதுதான். ஆனால் எங்கள் இல்லத்திலிருந்து அப்படிப் போன பிள்ளைகளில் ஒருத்திக்குப் பதினாறு வயதில் தாய்மாமனோடு திருமணம் பேசி முடித்துவிட்டார்கள். அவளுடைய தோழி தொலைபேசியில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அனுப்பியபின் அந்த வீட்டின் படியேறிப் பார்த்துவர யாரையும் நியமிக்காமல் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது கைகழுவுவதற்குச் சமம்.

அடுத்து, நல்ல இல்லம் நடத்த என்ன தேவை என்பதைப் பொருநைக்கரை ஐயா தெரிந்துகொள்ளவேண்டும். 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடி கொண்ட ஒரு படுக்கைக்கூடம் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகள் சொல்லும் அளவு. கட்டடம் எளிது. கண்காணிப்பாளர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர், இரவிலும் தங்கும் இல்லத் தாய்மார், சமையலர், காவலர் ஆகியோருக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் கொடுப்பதே கடினம். எங்களைப்போல் அரசு மானியம் பெறாத இல்லங்கள் நன்கொடையை நம்பியிருக்கின்றன. நன்கொடையாளர்கள் எதற்குக் கொடுப்பார்கள் என்றால், சாப்பாட்டுக்குக் கொடுப்பார்கள். எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. பிறந்தநாள், திருமணநாள், திதி என்று கட்டங்கள் நிரம்பியிருக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலையில் கேசரியும் மதியம் பிரியாணியும் மாலையில் கேக்கும் வந்த நாட்கள் உண்டு. பிள்ளைகள் கைதட்டிப் பாடவேண்டும், படம் எடுத்துக்கொள்வார்கள். ஆற்றுப்படுத்துநரின் ஒரு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டால், அடுத்த முறை பார்க்கலாம் என்பார்கள். உங்கள் அறக்கட்டளையிடம் வைப்புத்தொகை இருந்து, அதன் வட்டியிலிருந்து பணியாளர்களுக்கு முறையான ஊதியம் தரமுடியும் என்றால் மட்டுமே இல்லத்தைப் பற்றிச் சிந்தியுங்கள்.

நீதிமன்ற_வாசல்

வழக்குரைஞன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

முதலாவது, இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லத்தைப் பதிவு செய்வது. 2007இல் தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்படுவது குறித்து வந்த கடிதம் ஒன்றையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வழக்கில் நீதியரசர்கள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் 2017 மே 5ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்படவேண்டும் என்றும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் இருக்கவேண்டும் என்றும், சமூகத் தணிக்கை நடத்தவேண்டும் என்றும் ஆணையிட்டது. நம் மாநிலத்தின் பெயரையே தலைப்பில் தாங்கி நிற்கும் வழக்கு அது. பெருமைப்பட எதுவும் இல்லை. பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதைத் தவிர்ப்பதற்காகச் சிலர் இல்லத்தை விடுதி என்று பெயர் மாற்றி, 2014ஆம் ஆண்டின் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றுக்கொள்கிறார்கள். பலகை மாறுகிறது, நலக் குழுவின் கண்ணிலிருந்து பிள்ளைகள் மறைந்துவிடுகிறார்கள்.

பதிவு மட்டும் பிள்ளைகளைக் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. 2021இல் மதுரையில், கொரோனாவில் இறந்துவிட்டதாகப் பொய் ஆவணம் தயாரித்துக் குழந்தைகளை விற்றதாக ஒரு காப்பகத்தின் மீது வழக்குப் பதிவானது. 2022 அக்டோபரில் திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் தனியார் காப்பகம் ஒன்றில் கெட்டுப்போன உணவை உண்டு மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். அவ்வாறான ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் மாவட்டந்தோறும் ஓரிரு வாரங்கள் ஆய்வு நடக்கும். பிறகு கோப்பு உறங்கும்.

இரண்டாவது, இல்லம் கட்டாயம் தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குரிய போக்சோ சட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தந்தையாகவோ, மாற்றாந்தந்தையாகவோ, சொந்தச் சித்தப்பாவாகவோ இருக்கும்போது அந்தப் பெண்ணை எந்தக் குடும்பத்துக்கு அனுப்புவது? வழக்கு முடியும்வரை பாட்டியும் அத்தையும் ஒவ்வொரு வாரமும் வந்து, குடும்ப மானம் போய்விடும், சாட்சியை மாற்றிச் சொல் என்று அழுவார்கள். இப்படிப் பிறழ்சாட்சியாகிப்போன பிள்ளைகளை நான் கூண்டில் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பான கதவு, நம்பிக்கைக்குரிய ஓர் இல்லத்தாய், தேர்ச்சிபெற்ற ஆற்றுப்படுத்துநர், வழக்குநாளில் உடன்வரும் ஒருவர் ஆகிய நான்கும் அந்தப் பெண்ணுக்கு வேண்டும். இதை எந்த நிதியுதவித் திட்டமும் ஈடுசெய்யாது. எல்லா இல்லங்களையும் மூடிவிடலாம் என்று எழுதுபவர்கள் இந்தப் பிள்ளைகளை எங்கே வைப்பார்கள் என்பதையும் எழுதவேண்டும்.

இல்லத்தில்_வளர்ந்தவள்

ஏழு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை ஓர் இல்லத்தில் வளர்ந்தவள் நான். பெயரையும் ஊரையும் சொல்ல விரும்பவில்லை. இப்போது செவிலியராக இருக்கிறேன்.

இல்லத்தைப் பழித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அங்கே பசி இல்லை. அடி இருந்தது, ஆனால் அதிகமில்லை. கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் அக்கா இருந்தார். ஆளுக்கொரு தகரப்பெட்டி கொடுப்பார்கள். அதன் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்போம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது மட்டுமே எங்களுடையது, மற்றவையெல்லாம் பொது. துண்டு பொது, எண்ணெய் பொது, தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே துணியில் பாவாடை சட்டை. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு பார்வையாளர் நாள். என் அம்மா வந்தால் முறுக்குக் கொண்டுவருவார். வராத மாதங்களில் நான் யாரிடமும் எதுவும் பேசமாட்டேன். என் தம்பியை ஆண்பிள்ளைகள் இல்லத்தில், வேறு ஊரில், சேர்த்திருந்தார்கள். அவன் குரல் உடைந்தபோது நான் உடனில்லை. அவனுக்கும் எனக்கும் இன்றுவரை இடையில் ஒரு கூச்சம் இருக்கிறது. இதை எந்த ஆய்வறிக்கையும் அளந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பதினெட்டாம் வயதைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த சில வாரங்களில் வெளியேற்ற ஆணை வந்துவிடும். அதுவரை பல் துலக்குவதிலிருந்து விளக்கணைப்பது வரை மணியடித்து நடந்த வாழ்க்கை. வங்கிப் படிவத்தை நிரப்பத் தெரியாது. பேருந்தில் தனியாகச் சென்றதில்லை. ஒரு வீட்டின் மாத வாடகை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கக்கூடத் தெரியாது. சட்டத்தில் பிற்காப்பு என்று ஒன்று இருக்கிறது; 21 வயது வரை, சில சூழல்களில் 23 வயது வரை உதவலாம் என்று இருப்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று என்னிடம் அதைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. என்னோடு வெளியேறிய தோழி ஒருத்தி, தங்க இடமில்லை என்பதற்காகவே, முதலில் கேட்டவரைத் திருமணம் செய்துகொண்டாள்.

பொருநைக்கரை ஐயா, ஐம்பது பிள்ளைகளுக்கு இல்லம் கட்டுவதைவிட, பதினெட்டு வயதில் வெளியே வரும் பத்துப் பெண்கள் மூன்றாண்டுகள் தங்கிப் படிக்கவோ வேலை தேடவோ ஒரு வீடு எடுத்துத் தாருங்கள். அதைச் செய்பவர்கள் மிகவும் குறைவு.

பொருநைக்கரை

அம்மா, தாங்கள் எழுதியதை எங்கள் அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசித்துக்காட்ட விரும்புகிறேன்; தங்கள் அனுமதி வேண்டும். மற்றவர்களிடம் ஒரு கேள்வி. குடும்பத்துக்கே பணம் கொடுக்கலாம் என்றால் அரசே அதைச் செய்துவருகிறதல்லவா? நாங்கள் செய்வதற்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது?

இல்லத்தில்_வளர்ந்தவள்

தாராளமாக வாசியுங்கள், ஐயா.

நலக்குழு_முன்னாள்

மிச்சம் நிறைய இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்ப்பதற்கான நிதி ஆதரவாகக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இல்லத்தில் வைத்துப் பராமரிக்க அதே திட்டம் தருவது மாதம் 3,000 ரூபாய். அதாவது, தாயிடம் வைத்து வளர்க்க அதிகம் தரலாம் என்று அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. சிக்கல் தகுதி வரம்பில் இருக்கிறது. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக்கூடாது; நகர்ப்புறத்தில் 96,000. நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலிக்கு மாதத்தில் பதினைந்து நாள் சித்தாள் வேலைக்குப் போகும் கைம்பெண்ணின் ஆண்டு வருமானம் 90,000 ரூபாய். அவள் கிராமத்தில் இருந்தால் தகுதி இழந்துவிடுகிறாள். ஆனால் அதே பெண் பிள்ளையை இல்லத்தில் சேர்க்க வரும்போது அவளுடைய வருமானத்தை அளந்து பார்ப்பவர் யாரும் இல்லை. வரம்புக்குள் வருபவர்களுக்கும் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, குழுவின் ஒப்புதல், ஒதுக்கீடு என்று படிகள் பல. ஜூனில் விண்ணப்பித்தவருக்கு அடுத்த பொங்கலுக்குள் பணம் வந்தால் அது விரைவு.

மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கும், பெற்றோரில் ஒருவரை இழந்து மற்றவராலும் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் அது உரியது. வரவேற்கவேண்டிய திட்டம்தான். எனினும் விண்ணப்பித்த நாளுக்கும் முதல் தவணை வரும் நாளுக்கும் இடையிலுள்ள மாதங்களில்தான் பிள்ளை இல்லத்துக்குப் போகிறது. அந்த இடைவெளியை அடைக்க ஓர் உள்ளூர் அறக்கட்டளையால் முடியும். அரசுத் துறையால் முடியாது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்த ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. ஆனால் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்டிருக்கவேண்டும் என்பதும் அங்கே நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று ஒரு சட்டம் சொல்ல, சலுகை வேண்டுமானால் இல்லத்துக்கு வா என்று இன்னோர் ஆவணம் அழைப்பதாகவே உறவினர்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

வன்னியூரான்

இலங்கையின் வடக்கிலிருந்து எழுதுகின்றேன். இங்கும் கதை பெரிதாக வேறில்லை. போருக்குப் பின் எழுந்த சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் கணிசமானோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கின்றார். தாய் வீட்டுப்பணிக்கென மத்திய கிழக்குக்குப் போயிருப்பார், அல்லது ஊரில் பாடசாலை தூரமாக இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் பணம் அனுப்ப முன்வரும்போது கட்டடத்துக்கே அனுப்ப விரும்புகிறார்கள். பெயர்க்கல் பதிக்கலாம் அல்லவா. அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்குப் பெயர்க்கல் கிடையாது. எங்கள் 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில், நீதவான் ஒருவர் பிள்ளையைத் தகுதிவாய்ந்த ஆளிடம், பெரும்பாலும் உறவினரிடம், ஒப்படைக்க இடமுண்டு. சிறுவர் நலனைக் கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர்கள் போதிய அளவில் இருந்து, அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்க்கக்கூடியதாக இருந்தால் இல்லங்களின் தேவை வெகுவாகக் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வுமேசை

வன்னியூரான் குறிப்பிட்ட பெயர்க்கல் விவகாரம் எல்லா ஊர்களுக்கும் பொது. 2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, பெற்றோரிடம் வளர இயலாத பிள்ளைகளுக்காக ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளிலும், வறுமை மட்டுமே ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்குக் காரணமாகக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதே ஆவணம் தங்கிப் பராமரிக்கும் இல்லங்களை முற்றிலும் ஒதுக்கவில்லை. குறிப்பிட்ட பிள்ளைக்கு அது பொருத்தமானதாகவும் தேவையானதாகவும் இருந்தால் பயன்படுத்தலாம். சிறியதாகவும் குடும்பச் சூழலுக்கு நெருக்கமானதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் குடும்பமே பொதுவிதி.

இல்லப்_பொறுப்பாளர்

நலக்குழு உறுப்பினர் ஐயா வருமான வரம்பைப் பற்றி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பணம் மட்டும் போதும் என்ற எண்ணத்தை ஏற்கமாட்டேன். தந்தை குடித்துவிட்டு வந்து அந்த 4,000 ரூபாயைப் பிடுங்கிக்கொள்ளும் வீடுகளும், தாய்க்கு மனநோய் உள்ள வீடுகளும், சாதி மாறித் திருமணம் செய்ததால் உறவினர் ஒருவரும் எட்டிப்பார்க்காத வீடுகளும் உண்டு. அங்கெல்லாம் ஓராண்டோ ஈராண்டோ பிள்ளை வெளியே இருப்பது நல்லது. அந்தக் காலத்துக்குள் வீட்டைச் சரிசெய்யும் வேலையும் நடக்கவேண்டும். எங்களால் இயலாததும் அதுவே. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு ஆள் இருக்கிறது, அந்தப் பிள்ளையின் தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

நலக்குழு_முன்னாள்

உடன்படுகிறேன். இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத தாயைப் பற்றி நானே முதல் பதிவில் எழுதியிருக்கிறேன்; அவளுக்கும் பணம் மட்டும் விடையாகாது. பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் ஆணையில் காலவரையறை எழுதவேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஓராண்டு என்று எழுதி, ஆறு மாதத்தில் மறுஆய்வு என்று குறித்துவிட்டால், அந்தத் தேதி வரும்போது யாரேனும் பதில் சொல்லியாகவேண்டும். 18 வயது முடியும்வரை என்று எழுதிவிட்டால் கோப்பைத் திறப்பவரே இருக்கமாட்டார்.

பொருநைக்கரை

நேற்று அறங்காவலர்கள் கூடினோம். ஐம்பது பேருக்கான திட்டத்தை இப்போதைக்கு நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. ஒருவர் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. வைப்புத்தொகையின் வட்டியில் ஒரு சமூகப் பணியாளரை நியமித்து, நலக் குழு அடையாளம் காட்டும் குடும்பங்களுக்கு அரசுத் தொகை வரும்வரை இடைக்கால உதவி செய்யலாம் என்ற யோசனைக்கு ஆதரவு இருக்கிறது. நிலத்தில் பத்துப் பெண்கள் தங்கும் வீடு கட்டுவது பற்றியும் பேசினோம். உயிலில் ஆதரவற்ற குழந்தைகள் என்று எழுதியிருப்பதால், 18 வயது கடந்தவர்களுக்கு அந்த நிலத்தைப் பயன்படுத்தினால் வாரிசுகள் ஆட்சேபிக்க வாய்ப்புண்டா என்று வழக்குரைஞர் ஐயா சொல்லவேண்டும்.

நீதிமன்ற_வாசல்

உயிலைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. இருந்தாலும் சிக்கலைத் தவிர்க்க இரண்டு வழிகளைப் பரிசீலிக்கலாம். நிலத்தில் கட்டும் வீட்டை, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறுகிய காலம் வைத்துக்கொள்ளத் தகுதியான அமைப்பாக இளைஞர் நீதிச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்கீழ் அங்கீகரிக்குமாறு நலக் குழுவிடம் விண்ணப்பிப்பது ஒன்று. போக்சோ வழக்குகளில் சாட்சி சொல்லவேண்டிய பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட சிறிய இடங்கள் உடனடியாகத் தேவைப்படுகின்றன. ஆனால் 18 வயது கடந்தவர்களை அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வைக்காதீர்கள். ஆய்வுக்கு வரும் குழு முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். மற்றொன்று, நிலத்தைக் குழந்தைகளுக்கான பணிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிற்காப்புக்கு உங்கள் அறக்கட்டளையின் பழைய கல்வி நிதியிலிருந்து நகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது. பேருந்து நிலையத்துக்கும் கல்லூரிக்கும் பக்கத்தில் வாடகை வீடு இருப்பது அந்தப் பெண்களுக்கும் வசதி. எதுவானாலும் முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைச் சந்தித்து, உங்கள் மாவட்டத்தில் வரும் இரண்டு ஆண்டுகளில் 18 வயதை எட்டவிருக்கும் இல்லப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் போக இடமில்லாதவர்கள் எத்தனை பேர் என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். பெயர்களைக் கேட்கவேண்டாம், தரவும் கூடாது. எண்ணிக்கை கைக்கு வந்தபின் வீட்டின் அளவை முடிவுசெய்யலாம்.